பொறிச்சாச்சு... இனி அழியாது!

நண்பர்களே, இலக்கணக் கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு 6 செய்த வேலை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு டிரெய்னிங் போயிருந்தேன். ஃபோர்மேன் ஒரு ஸ்டீல் பிளேட்டைக் கொடுத்து, "தம்பி, இதுல நம்பர் பொறிச்சுட்டு வா" என்றார். நம்பர் பஞ்ச் செட்டில் 0 முதல் 8 வரைதான் இருக்கும். 9 வேண்டுமென்றால் 6-ஐத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது 6. தலைகீழாகப் பிடித்து ஓங்கி ஒரே அடி! பதறிப்போய் அரத்தை எடுத்தேன். "ராவினா சைஸ் போயிடும்ப்பா" என்று தடுத்தவர், பிளேட்டை ஸ்கிராப்பில் போட்டார். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ரயிலில் பொன்னேரி திரும்பும்போது அந்தச் சொல்லையே அசைபோட்டேன். கீறு, வெட்டு, செதுக்கு எல்லாம் கருவி செய்யும் வேலையைச் சொல்பவை. ஸ்கிரைபர் கீறும், உளி செதுக்கும். 'பொறி' அப்படியல்ல. பரப்பில் நிலைத்து நிற்கும் அடையாளத்தைத்தான் அது சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் மூட்டைகளின் மேல் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. மூட்டையை உளியால் வெட்ட முடியுமா? ஆக, குத்தினாலும் வெட்டினாலும் பொறித்தல்தான். (வல்லின 'ற' போடுங்கள், இடையின 'ர' போட்டால் அப்பளம் பொரித்த கதையாகிவிடும்!)

நம்ம பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியவை. உள்ளே கற்களில் இருக்கும் பெயர்களும் வருடங்களும் பொறித்தவை. இரண்டுக்கும் உளிதான்; ஆனால் சொல் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் கொடைகளைக் கல்லில் 'வெட்ட'ச் சொன்னான். நாமும் கல்வெட்டு என்றே சொல்கிறோம்.

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். பஞ்ச் உலோகத்தை வெட்டி எடுப்பதில்லை, நசுக்குகிறது. அந்த நசுங்கல் எழுத்தின் ஆழத்துக்குக் கீழேயும் இறங்கிவிடும். திருட்டு வண்டியின் சேஸிஸ் நம்பரை ராவி அழித்த பிறகும், தடய அறிவியல் துறையினர் அமிலக் கரைசலைத் தடவி அதை மீட்பது இதனால்தான். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் அமிலத்தில் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை. வெட்டி எடுத்த எழுத்து என்றால் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

அதாவது, அன்று நான் ராவியிருந்தாலும் அந்த 9 உள்ளேயே உட்கார்ந்திருக்கும்!

மறுவாரம் ஃபோர்மேன் வேறொரு பிளேட் கொடுத்தார். முதலில் ஓர் அட்டையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.