மலை ரயிலுக்குச் சீப்புப் பல்

2003-ல் ஹேண்டிகேமில் எடுத்த மலை ரயில் வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டால், ரயில் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. கேசட்டில் பூஞ்சையா?
*வாசகர், குன்னூர்*

உங்கள் ஊர் ஈரத்துக்குச் சந்தேகம் நியாயம்தான்; ஆனால் கேசட் மேல் தப்பில்லை. அந்தக் கேமரா நொடிக்கு 50 அரைப்படங்கள் எடுக்கும்: ஒருமுறை ஒற்றைப்படை வரிகள், அடுத்தமுறை இரட்டைப்படை. அந்த இடைவெளியில் மலை ரயில்கூட நகர்ந்துவிடுகிறது! கம்ப்யூட்டர் இரண்டு அரைப்படங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது அதுதான் சீப்புப் பல்லாகத் தெரிகிறது. தேயிலைச் சரிவு நகராததால் பளிச்சென்று இருக்கும், பாருங்கள்.

விஎல்சி பிளேயரில் வீடியோ மெனுவுக்குள் ‘டீஇன்டர்லேஸ்’ ஆன் செய்து, முறையாக ‘யாடிஃப் 2எக்ஸ்’ வையுங்கள். விடுபட்ட வரிகளை அக்கம்பக்க வரிகளையும் முன்பின் படங்களையும் பார்த்து நிரப்பி, 50 முழுப்படங்களாகக் காட்டும். ‘பிளெண்ட்’ வேண்டாம், இரண்டு அரைப்படங்களையும் கலந்து மங்கலாக்கிவிடும். பனிமூட்டம் உங்களுக்கு ஜன்னலுக்கு வெளியிலேயே போதுமே! மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.