செதுக்காத கல்

தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளிற் கருங்கல் வெட்டியோரின் கடும் உழைப்பை நாம் அறிவோம். அத்தகைய தொழிலையே தத்துவ பாடமாகக் கொண்டனர் பிரீமேசன் சகோதர சங்கத்தார். 1717-இல் இலண்டனில் முதற் பெருஞ்சபை கண்ட இவர்க்குச் செதுக்காத கல்லே பயிற்சியற்ற மனிதன்; சமன்செய்த கல்லோ திருந்திய ஒழுக்கம். மூலைமட்டம் நேர்மையையும், கவராயம் ஆசையின் எல்லையையும் குறிக்கும். தன் கோணலைத் தானே காண்டல் எவர்க்கும் அரிதாகலின், மட்டம் பார்க்கத் தோழன் ஒருவன் வேண்டும். சங்கத்தின் பயன் இதுவென்பது நம் கருத்து.

இறைநம்பிக்கை உடைய எம்மதத்தினரும் அங்கே ஒருங்கு அமரலாம். மாதர்க்கு மட்டும் இடமில்லை! 1961-இல் அமைந்த இந்தியப் பெருஞ்சபையும் அவ்வழியதே. இக்குறையைச் சிறிதென நாம் எண்ணோம். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார், இருபாலாரையும் ஏற்கும் வேறொரு மேசன் சங்கத்தில் 1902-இலேயே சேர்ந்து, அதனை இந்நாட்டிலும் பரப்பினார்.