காவிரியின் நுண்பிளாஸ்டிக்கை வெயில் அழிக்குமா?

கேள்வி: அம்மா மண்டபம் படித்துறையில் விட்டுப்போகும் துணியும் பாலித்தீன் பையும் நைந்து ஆற்றில் கலக்கின்றன. திருச்சி வெயிலைக் கொண்டே அந்தத் துகள்களை அழிக்க முடியாதா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஆய்வுக்கூடத்தில் ஓரளவு முடிந்திருக்கிறது. ஆற்றில் இன்னும் இல்லை.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளே நுண்பிளாஸ்டிக். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கியின் மீது புற ஊதாக்கதிர் பட்டதும் அதன் எலெக்ட்ரான்கள் கிளர்ந்தெழும். அப்போது தண்ணீரிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் பிறக்கும் வீரியமிக்க துணுக்குகள் பிளாஸ்டிக்கின் நீண்ட கார்பன் சங்கிலியை வெட்டித் தள்ளும். வினை முற்றுப்பெற்றால் பெரும்பாலும் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான். 1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இத்துறை வளர்ந்தது.

நமக்கு அருகிலேயே நல்ல முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யசாரதி போஸ் குழுவினர் கைட்டோசன், பாலிவினைல் ஆல்கஹால், பாலிஅனிலின் மூன்றையும் பின்னி ஒரு ஹைட்ரோஜெல் செய்து, அதற்குள் தாமிரம் கலந்த நுண்கொத்துகளைப் பதித்தார்கள். ஜெல் துகளைப் பிடித்துக்கொள்ளும். புற ஊதா ஒளியில் கொத்துகள் அதைச் சிதைக்கும். இருவகை நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 95, 93 சதவீதம் நீங்கியதாக 2024-இல் அறிவித்தார்கள்.

அதற்காக வினையூக்கியைக் காவிரியில் கொட்டிவிட முடியாது. வெயிலில் புற ஊதாப் பங்கு மிகக் குறைவு. புதுவெள்ளம் செந்நிறமாக வரும்போது அதுவும் உள்ளே இறங்காது. நீரோட்டம் தூளை அடித்துக்கொண்டு போய்விடும். அரைகுறையாக அறுந்த சங்கிலிகள் இன்னும் நுண்ணிய துகள்களாகி மீன் வயிற்றுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியே இதற்கு ஏற்ற இடம்: நீர் தெளிந்திருக்கும், விளக்கு பொருத்தலாம், ஜெல்லைத் திரும்ப எடுக்கலாம்.