குப்பை பொறுக்குவதில் உள்ள ஆனந்தம்

கிராமம் சுத்தமாயிருக்க வேண்டுமென்பதை அறியாதார் ஒருவருமில்லை. ஆயினும் தெருவில் கிடக்கும் குப்பையைக் கண்டு, "இது யாருடைய வேலை?" என்று கேட்பவர் பலர், குனிந்து எடுப்பவர் மிகச் சிலர். உத்தரவு மாத்திரம் இவ்வழக்கத்தை மாற்றிவிடாது. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகள் 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் அவை நம் வாய்க்கால்களில் இன்னும் மிதக்கின்றன. ஒருவர் முன்வந்து மகிழ்ச்சியோடு செய்து காட்டினாலோ, பிறரும் தாமே வந்து சேருவர். இதற்குக் காட்கே மகராஜின் சரித்திரம் சான்றாகும்.

இப்பெரியார் 1876-ம் வருஷம் அமராவதி ஜில்லாவில் சலவைத் தொழிலாளர் குலத்திற் பிறந்தவர். கையில் துடைப்பத்துடன் மகாராஷ்டிரத்து ஊர்களிலெல்லாம் சஞ்சரித்து வந்தார். ஓர் ஊரை அடைந்ததும் அவர் செய்யும் முதற் காரியம், தெருவையும் சாக்கடையையும் சுத்தஞ் செய்வதே. மாலையில் ஊராரைக் கூட்டிக் கீர்த்தனம் செய்வார். கேள்வி கேட்டுக் கேட்டு, ஜனங்கள் வாயினின்றே விடையை வருவிப்பார். சுத்தம், கல்வி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றை இவ்விதமாகவே போதித்தார். 1956-ம் வருஷத்தில் அவர் காலமானார். 2000-2001-ம் ஆண்டில் மகாராஷ்டிர அரசாங்கத்தார் அவர் பெயரால் கிராமங்களுக்குள் சுத்தப் போட்டி ஒன்றை ஏற்படுத்தினர்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் சொல்வதற்கு முன் செய்தார். இரண்டாவது, பகலில் உழைப்பும் மாலையில் பாட்டும் என வேலையையும் சந்தோஷத்தையும் பிரியாமல் வைத்தார்.

ஜப்பான் தேசத்தாரோ குப்பை பொறுக்குதலை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டனர். 2008-ம் வருஷத்தில் தொடங்கிய இவ்விளையாட்டில், சிறு சிறு கோஷ்டிகள் குறித்த நேரத்திற்குள் குப்பை சேகரிக்கும். அதன் வகைக்கும் எடைக்கும் தக்கபடி மதிப்பெண் உண்டு. 2023-ம் வருஷம் டோக்கியோ நகரில் 21 தேசங்களின் கோஷ்டிகள் போட்டியிட்டதில் பிரிட்டன் கோஷ்டி வெற்றி பெற்றது.

இது வெறும் பொழுதுபோக்கன்று. நம் பணமும் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன. மிச்சச் சோற்றைக் கட்டி எறிந்த பிளாஸ்டிக் பையைப் பசு பையோடு விழுங்குகிறது. அது ஜீரணமாகாமல் முதல் வயிற்றிலேயே தங்குகிறது. இரை எடுப்பது குறைகிறது, பால் வற்றுகிறது, சில சமயம் பசு இறந்தும் போகிறது. சங்கக் கடனில் வாங்கிய பசுவானால், பசு போன பின்னும் கடன் நிற்கும். மேலும், டெங்கு சுரத்தைப் பரப்பும் கொசு, கொட்டாங்கச்சியிலும் உடைந்த பாத்திரத்திலும் தேங்கும் சிறிதளவு நீரிலேயே பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகையால் வாரம் ஒரு முறை இவற்றை அகற்றினாலே அதன் வமிசம் அறுபடும்.

சங்கத்தார் கைக்கொள்ளத்தக்க முறைகள் வருமாறு:

1. வாரத்தில் ஒரு நாள் காலை ஒரு மணி நேரம் குறித்துக்கொள்க. முதல் வாரத்தில் நால்வர் வந்தாலும் போதும். வராதவரை ஏசலாகாது.

2. தலைவரும் நிர்வாக அங்கத்தினரும் முதலில் குனிய வேண்டும். இவ்வேலை இன்ன ஜாதியாருடையது என்ற எண்ணம் ஒழிந்தாலன்றி ஊர் சுத்தமாகாது. அவ்வெண்ணம் பேச்சினால் ஒழியாது. பெரியோர் கையில் கூடையைக் கண்டால்தான் ஒழியும்.

3. சிறிய இடமொன்றைத் தேர்ந்து முற்றிலும் முடிக்க. சங்கக் கட்டிடத்தின் முன்புறமே போதும். செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தால் மனம் களிக்கும். அக்களிப்பே அடுத்த வாரம் அழைத்து வரும்.

4. கையுறை அணிக. கண்ணாடித் துண்டுகளைத் தனியே வைக்க. ஊசி முதலிய வைத்தியக் கழிவுகளைச் சிறுவர் தொடலாகாது.

5. இலை, சாணம், காய்த்தோல் இவற்றை எருக்குழியில் அடுக்கடுக்காய்ப் போட்டு, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிவிடுக. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் பயிர் நூல் நிபுணர் இந்தூரில் ஆராய்ந்து 1931-ம் வருஷத்தில் வெளியிட்ட முறை இதுவே. பிளாஸ்டிக்கைக் குழியில் இடலாகாது. கொளுத்தினால் நச்சுப் புகை எழும். அதைப் பிரித்துக் கட்டிப் பஞ்சாயத்தின் தூய்மைப் பணியாளரிடம் ஒப்புவிக்க.

6. சேர்ந்த மூட்டைகளை ஒரு தராசில் நிறுத்து, எடையைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதுக. பள்ளிப் பிள்ளைகளைக் கோஷ்டிகளாய்ப் பிரித்தால் போட்டியும் சிரிப்பும் தாமே உண்டாகும். முடிவில் யாவரும் ஒன்றாயமர்ந்து காப்பியோ மோரோ அருந்துக.

ஒருவருடைய பங்குத்தொகை சிறிதே. பலர் பங்கும் சேர்ந்தபோதுதான் சங்கத்துக்கு மூலதனம் உண்டாயிற்று. ஒருவர் எடுக்கும் ஒரு கூடைக் குப்பையும் அத்தன்மையதே. ஆகவே, அங்கத்தினர்களே! அடுத்த பொதுக்கூட்டத்திற்காகக் காத்திராமல், அண்டை வீட்டார் ஒருவரை உடனழைத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவீர்களாக.