சிறுவயதுப் புயல் கட்டுரைக்கு உதவுமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில், சிறுவயதில் பார்த்த கஜா புயலைப் பற்றி எழுதலாமா?
– வாசகி, மண்டபத்தூர்

பதில்: தாராளமாக எழுதலாம், ஆனால் புயல் கால்பங்கைத் தாண்டக் கூடாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தின் கட்டுரைக்கு உச்சவரம்பே 650 சொற்கள்தான். சோதனையைச் சந்தித்தது பற்றிய அதன் கேள்வியும், ‘அதிலிருந்து என்ன கற்றீர்கள்?’ என்றுதான் முடிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த புயல், இந்தக் கடலோரத்துக்கே பொது. அன்று நீங்கள் கவனித்தது மட்டுமே உங்களுடையது. பட்ட கஷ்டத்தைச் சொன்னால் இரக்கம் பிறக்காதா என்பீர்கள். பிறக்கும், ஆனால் கல்லூரி சேர்க்கப்போவது அன்றைய சிறுமியை அல்ல, இன்றைய உங்களை. உதாரணமாக, கரைமேல் ஏற்றிக் கட்டிய ஃபைபர் படகுகளைப் பார்த்து அன்று எழுந்த கேள்வி, பிறகு உங்களை எதைப் படிக்கத் தூண்டியது என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள். இல்லையேல் போன வருட அனுபவமே மேல்.