உயிரணுச் சவ்வைக் கடக்கும் மீன் புரதம்

உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள சவ்வு, கொழுப்புப் பொருளாலான இரட்டை அடுக்காகும். அதன் நடுப்பகுதி நீரை விலக்கும் இயல்புடையது. ஆகவே ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் அதனை எளிதில் கடக்கின்றன. மின்னூட்டம் பெற்ற பெரிய மூலக்கூறுகள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. மரபுப்பொருளாலான மருந்துகள் இந்த வாயிலில்தான் தடைபடுகின்றன. சால்மன் மீனின் விந்துச் சுரப்பியிலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதமோ இதற்கு விதிவிலக்காக விளங்குகிறது.

1874-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபிரெடரிக் மீஷர், ரைன் ஆற்றுச் சால்மனின் விந்தணுக்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். சுமார் 30 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம் இது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆர்ஜினின். ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் உடையது. விந்தணுவின் உட்கருவில், எதிர்மின்னூட்டமுடைய டி.என்.ஏ. இழையை இறுகச் சுருட்டி வைப்பதே இயற்கையில் இதன் பணி.

அதே மின்னூட்டமே சவ்வைக் கடக்கவும் துணைபுரிகிறது. உயிரணுவின் வெளிப்பரப்பிலுள்ள சர்க்கரைத் தொடர்கள் எதிர்மின்னூட்டம் தாங்கி நிற்கின்றன; புரோட்டமின் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஆர்ஜினினின் நுனி, சவ்விலுள்ள பாஸ்பேட் தொகுதியை ஒரே நேரத்தில் இரு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்ற வல்லது. இதே மின்னூட்டமுள்ள லைசினுக்கு அத்திறன் குறைவு. பின்னர் சவ்வு உட்குழிந்து, ஒட்டிய பொருளைச் சிறு பையாக உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆர்ஜினின் மிகுந்த சிறு புரதங்கள் சில சூழ்நிலைகளில் நேரடியாக ஊடுருவுவதும் உண்டு. எவ்வழி மேலோங்கும் என்பது செறிவையும் உயிரணுவின் வகையையும் பொறுத்தது. பைக்குள் சிக்கியதில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடுகிறது. வாயிலைக் கடந்தும் கூடத்தை அடையாத நிலை இது. மரபுப்பொருளை உயிரணுவுக்குள் செலுத்தப் புரோட்டமினை ஊர்தியாகக் கொள்ளும் ஆய்வுகள் இவ்விடத்தில்தான் இடர்ப்படுகின்றன.

மருத்துவமனைகளோ இதனை வேறு காரணத்திற்காக நெடுங்காலமாக அறிந்துள்ளன. இதய அறுவைச் சிகிச்சையில் இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தப்படும் ஹெபாரின் எதிர்மின்னூட்டம் மிக்கது. சிகிச்சை முடிந்ததும் புரோட்டமின் அதனைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. 1936-இல் டென்மார்க்கின் ஹாகெடார்ன், இன்சுலினுடன் இதனைச் சேர்த்து அதன் செயற்காலத்தை நீட்டித்தார். மீன் பதனிடுமிடத்தில் கழிவெனத் தள்ளப்படக்கூடிய ஓர் உறுப்பின் பயன் இது. கழிவு என்ற தலைப்பில் கணக்கெழுதுவோர் சற்றுத் தயங்கலாம்.

எனினும் நேர்மின்னூட்டம், வேண்டியதை மட்டும் தேர்ந்து பற்றுவதில்லை. விரைவாகச் செலுத்தினால் நோயாளியின் இரத்த அழுத்தம் சரியக்கூடும். மீன் ஒவ்வாமை உடையவர்களுக்கும், புரோட்டமின் கலந்த இன்சுலினை முன்பு பெற்றவர்களுக்கும் கடுமையான எதிர்விளைவு நேரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இம்மருந்து மெதுவாக, மருத்துவரின் கண்காணிப்பிலேயே ஏற்றப்படுகிறது.