பங்குனியில் பொறுப்பெடுக்கும் வைத்தியருக்கு

அன்பின் பிள்ளை,

ஆதார வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் உமக்கு நியமனம் கிடைத்ததாக அம்மா சொன்னா. மிகவும் சந்தோஷம். பங்குனியில் பொறுப்பெடுக்கிறீராம். மாதத்தைக் கேட்டதும் வாழ்த்தோடு நிறுத்த மனம் வரவில்லை. நீர் போய் இருக்கிற கையோடு வெயில் காலம் தொடங்கிவிடும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நோய்களும் மாதம் பார்த்துத்தான் வருகின்றன. மழை தொடங்கினால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று எல்லோரும் உசாராகி விடுவோம். 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் பரவியபோது கிராமம் கிராமமாகத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அதே வருடம் சித்திரைக் கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் வெப்ப அதிர்ச்சியால் ஆட்கள் இறந்தார்கள். பத்திரிகைகளில் சில நாள் செய்தி வந்தது, சோழகக் காற்று எழும்பியதும் பேச்சு அடங்கிவிட்டது. மழைக்காலத்துக்கு இருக்கிற விழிப்பு வெயில் காலத்துக்கு இன்னும் வரவில்லை. உம்மைப் போன்றவர்கள்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

காலத்தை முதலில் விளங்கிக்கொள்ளும். சித்திரை 5ஆம் திகதியளவில் இலங்கையின் தெற்கு முனையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, வருடப்பிறப்பை ஒட்டி எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த நேரம் வாடை ஓய்ந்திருக்கும், சோழகமும் பிடித்திருக்காது. காற்று விழுந்த அந்தச் சில கிழமைகள்தான் ஆபத்தானவை. சுற்றிவரக் கடல் இருப்பதால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. இரவிலும் சூடு இறங்காதபடியால் முதல் நாள் வெக்கையோடேயே மனிதன் மறுநாள் வேலைக்குப் போகிறான். பிறகு காண்டாவனம் எரிக்கிற வைகாசி வரும். வெயில் அப்போதும் கொடுமைதான், ஆனால் சோழகம் வீசத் தொடங்கினால் வியர்வை காயும்.

ஆகவே வானிலை அறிக்கையில் 34 பாகை என்று கண்டு ஆறுதல்பட வேண்டாம். ராஜஸ்தானில் 48, ஆந்திராவில் 46 என்று கேட்டுப் பழகிய காதுக்கு எங்கள் வெப்பநிலை சின்னதாகப் படும். 34 பாகையோடு ஈரப்பதன் 70 சதவீதம் சேர்ந்தால் உடம்பு உணர்வது 45க்கும் மேல். சென்னை மெரினாவில் 2024 ஒக்ரோபர் 6ஆம் திகதி விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்ததை நீர் அறிவீர். அக்கினி நட்சத்திரம் முடிந்து நாலு மாதத்துக்குப் பிறகு நடந்தது அது. புழுக்கமும் சனநெரிசலும் நிழலில்லாத நிலமும் சேர்ந்தால் மாதம் எதுவென்று பார்க்கத் தேவையில்லை.

இனி, உம்முடைய வாசலுக்கு வரப்போகிறவர்களைப் பற்றி. ஒரு சித்திரை மாதம் பின்னேரம் மூன்று மணியளவில் புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து ஒருவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும், வெங்காயத் தறையில் காலையிலிருந்து நின்றவர். கால்விரல் இடுக்கில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. ஆளைத் தெரியாமல் ஏதேதோ பிதற்றினார், தாதியின் கையைத் தட்டிவிட்டார். "வெறியிலதான் நிக்கிறார் போல, பனடோல் ரெண்டு குடுத்திட்டுத்தான் கொண்டு வந்தனாங்கள்" என்றார் கூட வந்தவர். கழுத்திலும் நெஞ்சிலும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அக்குளில் வைத்த வெப்பமானி 39க்குக் கிட்டக் காட்டியது. மலவாயிலில் வைத்துப் பார்த்தால் 41.6.

இதில் உமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது. தோல் காய்ந்து கிடந்தால்தான் வெப்ப அதிர்ச்சி என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர். வெயிலில் பாடுபட்டு விழுந்தவனுக்குப் பெரும்பாலும் வியர்வை நிற்காது. அக்குள் வெப்பமானி ஏமாற்றும். சாராய மணம் இருந்தாலும் சூட்டைப் பார்க்க வேண்டும், குடித்தவனை வெயில் இன்னும் சுலபமாக விழுத்தும். பங்குனி முதல் ஆவணி வரை, புத்தி தடுமாறி வரும் எவருக்கும் குருதிச் சீனியைப் பார்க்கிற அதே நிமிடத்தில் உள்வெப்பத்தையும் பாரும். 40 பாகைக்கு மேலே, அதோடு மூளை தடுமாற்றம் என்றால் காரணம் தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் குளிர்த்தும்.

குளிர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உயிர் அங்கேதான் இருக்கிறது. அரை மணித்தியாலத்துக்குள் 39க்குக் கொண்டுவர வேண்டும். ஸ்கான் எடுக்க அனுப்புவதும், பெரிய வைத்தியசாலைக்கு மாற்ற வாகனம் தேடுவதும் அதற்குப் பிறகு. ஓடி விழுந்த பொடியன், தோட்டத்தில் விழுந்த தொழிலாளி போன்றவர்களுக்கு ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதைப் போல வேகமான வழி வேறில்லை. தொட்டி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஒரு தறப்பாளை விரித்து ஆளை நடுவில் கிடத்தி, நாலு பேர் நாலு பக்கமும் தூக்கிப் பிடித்துத் தண்ணீரையும் ஐஸையும் ஊற்றினால் அதுவே தொட்டி. தலையை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். ஐஸுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, மீன் வாடியிலும் துறைமுகத்திலும் கேட்டால் தருவார்கள். பங்குனி பிறக்கும்போதே போய்ப் பேசி வைத்துவிடும். வயதானவர், இதய நோயாளி என்றால் உடம்பு முழுக்க நீரைத் தெளித்து, மின்விசிறியை நேரே திருப்பி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையும். வெறும் ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டுக் காத்திருப்பது வைத்தியமே இல்லை. பனடோலும் வேண்டாம். இது காய்ச்சல் அல்லாதபடியால் அது கேட்காது, ஏற்கெனவே வெந்துபோன ஈரலுக்குச் சுமை மட்டும் கூடும். 39 வந்ததும் குளிர்த்துவதை நிறுத்தி, சிறுநீரின் நிறத்தைப் பாரும். கறுத்த தேயிலைச் சாயம் போல வந்தால் தசை உடைகிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஓட வேண்டும். ஈரல் நொதியங்கள் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு ஏறும், ஆகவே ஆள் எழும்பி இருந்து கதைக்கிறார் என்று அடுத்த நாளே வீட்டுக்கு விட்டுவிடாதேயும்.

சத்தமில்லாமல் வருகிறவர்கள் வேறு. பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, கள்ளன் பயத்தில் யன்னலை அடைத்துக்கொண்டு படுக்கும் தனித்த தாய்மார். பிரஷர் குளிசையும் சிறுநீர் போகிற குளிசையும் தவறாமல் எடுப்பார்கள், ஆனால் இரவில் எழும்ப வேண்டுமென்று தண்ணீரைக் குறைப்பார்கள். மனநோய்க் குளிசை எடுப்பவர்களில் பலருக்கு வியர்வை குறையும், தாகம் தெரியாது. போர் விட்டுப்போன காயத்தால் எங்கள் பகுதியில் அப்படியானவர்கள் குறைவில்லை. கிளினிக்கில் மருந்து எழுதும்போதே பங்குனி வருகிறது என்று நினைத்து எழுத வேண்டும். அளவைத் திருத்த வேண்டியவர்களுக்குத் திருத்தும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தையும் குறித்து வையும். ஆவணிக் கடைசியில் சூரியன் தெற்கே திரும்புகிற வழியில் மறுபடி எங்கள் உச்சியைக் கடக்கிறது. குளிர்நாட்டிலிருந்து நேற்று வந்திறங்கியவர் இன்று வெறும் மேலோடு வீதி மணலில் அங்கப்பிரதட்சணை செய்வார். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு கிழமை வேண்டும். அந்த அவகாசம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. விரதம் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் உள்ளே போயிராது. தண்ணீர்ப் பந்தல் போடுகிற இளைஞர்களிடம் மோரும் ஜீவனியும் வைக்கச் சொல்லும், பிதற்றத் தொடங்கியவரை நிழலில் கிடத்திக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லிக் கொடும். சுயநினைவு குழம்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாதென்பதையும் சேர்த்துச் சொல்லும்.

ஒன்றை மட்டும் உம்மிடம் கெஞ்சிக் கேட்கிறேன். எழுதி வையும். வந்த நேரம், உள்வெப்பம், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன வேலை, கூரை தகரமா ஓடா. வெப்பத்தால் இறந்தவரின் உடலைப் பரிசோதித்தால் தனித்த அடையாளம் அதிகம் கிடைக்காது. நீர் வெப்பநிலையைக் குறிக்காவிட்டால் மரண விசாரணையில் மாரடைப்பு என்று முடிந்துவிடும். அஹமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது பிறகு மரணப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த இறப்புகள் தந்த பாடத்தால் 2013இல் அந்த நகரம் வெப்பச் செயற்திட்டம் ஒன்றை உருவாக்கியது. இங்கே கணக்கில்லாமல் பாடசாலை மரதன் ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்று என்று யாரிடம் போய் வாதாடுவது? 2024இல் கல்வி அமைச்சு வெயில் நேரத்தில் மாணவரை வெளியே விளையாட விட வேண்டாமென்று அறிவுறுத்தியது. ஒவ்வொரு வருடமும் மாசியிலேயே அதை நினைவூட்ட, உம்முடைய குறிப்பேடு பயன்படும்.

பிழைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு கிழமையாவது வெயிலில் இறங்கக் கூடாதென்று சொல்லுவீர். அவர் தலையாட்டுவார், மூன்றாம் நாள் தோட்டத்தில் நிற்பார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அதனால் அவரிடம் சொல்வதோடு விடாமல், வேலை கொடுப்பவரையோ மேசனையோ தொலைபேசியில் பிடித்து, காலை ஆறிலிருந்து பத்தரை, பிறகு பின்னேரம் மூன்றரைக்கு மேல் என்று வேலையைப் பிரிக்கக் கேளும். வைத்தியர் நேரில் கேட்டால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் கிராம சேவகருக்கு ஒரு கடிதம் எழுதும், அதன் பிரதியை எனக்கும் அனுப்பும்.

அன்புடன்,
உம்முடைய பழைய ஆசிரியர்